வெட்டுவதற்கு முன்பே ஓரம் தெரிந்தால்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் ரொம்ப மகிழ்ச்சி. சிட்னியில் நாங்கள் எல்லோரும் நலம். சின்னவள் இப்போது தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்.

வெட்டாமலேயே தோலுக்குள் பார்க்கிறீர்களாமே, வெட்டியெடுத்த துண்டைப் பரிசோதிக்கும் என்னைப் போன்ற பேதாலஜிஸ்டுக்கு இனி என்ன வேலை என்று கேட்டிருந்தாய். நிறைய வேலை இருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

இந்த நாட்டில் 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவதொரு தோல் புற்றுநோய் வந்துவிடுகிறது. பெரும்பாலானவை சீக்கிரம் பிடித்தால் சுலபமாகத் தீர்ந்துவிடும். என் தூக்கத்தைக் கெடுப்பது லென்டைகோ மலிக்னா. வயதானவர்களின் கன்னத்திலோ மூக்கிலோ பழுப்புப் படை போலப் பரவும், நிறமிச் செல்களில் தோன்றும் ஆபத்தான தோல் புற்றுநோயான மெலனோமாவின் ஆரம்ப நிலை. கண்ணுக்குத் தெரியும் ஓரத்தைத் தாண்டி நோய்ச் செல்கள் எங்கோ போயிருக்கும். 5 மில்லிமீட்டர் தள்ளி வெட்டினாலும் ஓரத்தில் மிச்சம் இருக்கிறது என்று பல சமயம் ரிப்போர்ட் வரும். மறுபடி வெட்ட வேண்டும். அதுவும் கீழ் இமைக்குப் பக்கத்தில் என்றால், ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் அந்த மனிதர் விலை கொடுக்கிறார்.

இதற்குத்தான் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப். மெல்லிய லேசர் ஒளியைத் தோலுக்குள் ஒரு புள்ளியில் குவிக்கிறோம். திரும்பி வரும் வெளிச்சத்தில் அந்த ஆழத்திலிருந்து வருவதை மட்டும் ஒரு நுண்துளை உள்ளே விடும். புள்ளி புள்ளியாக நகர்த்தினால், செல்கள் தெரியும் அளவுக்கு ஒரு அடுக்கின் படம் கிடைத்துவிடுகிறது. இந்த யோசனைக்கு 1957-இலேயே காப்புரிமை கேட்டவர் மார்வின் மின்ஸ்கி, பிற்பாடு செயற்கை நுண்ணறிவில் பெயர் பெற்ற அதே ஆள்தான். 1995-இல் பாஸ்டனில் மிலிந்த் ராஜாத்யக்ஷாவும் கூட்டாளிகளும் உயிருள்ள மனிதத் தோலில் இதைச் செய்து காட்டினார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்ததால் சாயமே தேவைப்படவில்லை.

இப்போது கையில் பிடிக்கும் கருவியே இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் ஜெல் தடவி, படையின் ஓரத்திலிருந்து வெளியே எல்லாத் திசையிலும் நகர்த்திக்கொண்டே போவோம். மயிர்க்கால்களைச் சுற்றிக் கிளைவிட்ட பளிச்சென்ற நோய்ச் செல்கள் மறையும் இடத்தில் பேனாவால் குறி. சில முகங்களில் அந்தக் குறிகளைச் சேர்த்துப் பார்த்தால் படை நாங்கள் நினைத்ததைவிட மிகப் பெரிதாக இருக்கும். அப்போது கத்தியே வேண்டாம், ரேடியோதெரபிக்கோ க்ரீமுக்கோ போகிறேன் என்று நோயாளி முடிவெடுக்கலாம். முகத்தைத் திறந்துவிட்ட பிறகு தெரிவதைவிட முன்பே தெரிந்து முடிவெடுப்பது அவருடைய உரிமை. இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய விஷயமாகத் தோன்றுவது இதுதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். தோலில் இயல்பாக இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களான லாங்கர்ஹான்ஸ் செல்களும் கிளைவிட்டுப் பளிச்சென்றே இருக்கும். வீக்கமுள்ள தோலில் அவற்றை நோய்ச் செல் என்று எண்ணிவிடுவது சுலபம். சந்தேகம் வந்த இடத்தில் சின்ன வட்டமாகத் தோலை வெட்டி, பஞ்ச் பயாப்ஸி எடுத்து உங்களுக்குத்தான் அனுப்புவோம். கான்ஃபோகலுக்கு ஆழமும் போதாது, கால் மில்லிமீட்டர் வரைதான் எட்டும். ஒளியாலேயே தோலுக்குள் படமெடுக்கும் ஓசிடி என்ற இன்னொரு முறை ஒன்றரை மில்லிமீட்டர் வரை போகும், ஆனால் செல்களை அவ்வளவு தெளிவாகக் காட்டாது. மூக்கில் ஆழமாக இறங்கிய பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோயை வெட்டி முடித்தோமா என்று சொல்ல, வெட்டிய துண்டை உடனே ஸ்லைடில் பார்க்கும் மோஸ் சர்ஜரிக்கு இன்னும் ஈடில்லை.

இன்னொன்று மனதை உறுத்துகிறது. நம் மக்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும்தான் வருகிறது. அங்கே மேல்தோல் அவ்வளவு தடிப்பு, இந்த ஒளி ஊடுருவத் திணறுகிறது. கருவி வளர்ந்ததெல்லாம் வெள்ளைத் தோலின் முகத்தைப் பார்த்து. உள்ளங்காலுக்காக யாராவது இதே அக்கறையோடு உட்கார வேண்டும்.

உன் லேபில் உள்ளங்கால் மெலனோமா ஸ்லைடுகள் சேர்ந்திருக்குமே? பெயர் விவரம் இல்லாமல், ஓரங்கள் நன்றாகத் தெரியும் சிலவற்றை எடுத்து வை. பொங்கலுக்கு வரும்போது என் படங்களைக் கொண்டுவருகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்