தாலுகா மருத்துவமனையில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும்) பரிசோதனை கோரி நான்காவது மனு

பெறுநர்: இணை இயக்குநர் அவர்கள், மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து மூன்று மனு கொடுத்துவிட்டேன். பதில் இல்லாததால் மீண்டும் எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

1. 2021-ல் கொரோனா வந்து தேறிய மூன்றாம் வாரம் என் மனைவிக்கு இடது கால் தொடை வரை வீங்கியது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தது. கிருமியை எதிர்க்கக் கிளம்பும் உடம்பு, சிலருக்குத் தன் ரத்தத்தையே உறைய வைக்கும் எதிர்ப்புப் பொருளையும் உண்டாக்கிவிடும் என்றார் மருத்துவர். பெரும்பாலும் தானாக மறையுமாம். 12 வாரம் கழித்துப் பார்த்தபோதும் அந்த எதிர்ப்புப் பொருளில் பார்க்கும் மூன்று வகையும் அப்படியே இருந்தன. நோயின் பெயர் ஆன்டிபாஸ்போலிபிட் சிண்ட்ரோம். ஆயுளுக்கும் வார்ஃபரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை.

2. ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் மறுபடி உறையும், கூடினால் ரத்தம் கசியும்.

3. நமது தாலுகா மருத்துவமனையில் கருவி இருக்கிறது, ரீஏஜென்ட் (டெஸ்டுக்கு வேண்டிய ரசாயனம்) இல்லை. அதனால் 15 நாளுக்கு ஒருமுறை மாவட்டத் தலைநகர். வழியிலுள்ள ரயில்வே கேட்டின் தாமதம் தாங்கள் அறியாததல்ல. முதல் பஸ்ஸில், வீங்கிய காலைத் தொங்கப்போட்டபடி இரண்டு மணி நேரம். இதே டெஸ்டுக்காக, இதய வால்வு மாற்றியவர்கள் நான்கு பேரும் அதே பஸ்ஸில். ஒன்பது மணிக்கு நீல மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். ரிசல்ட் ஒன்றரைக்கு. ஓ.பி. பன்னிரண்டுக்கே முடிந்துவிடும். சரி, அந்தத் தாளை யாரிடம் காட்டுவது? போன மாதம் 5.8 என்று வந்தது. "நாளைக்கு வாங்க" என்றார்கள். ராத்திரி வழக்கமான மாத்திரையையே போட்டாள். விடியற்காலை தலையணை முழுக்க மூக்கு ரத்தம். அந்தத் தலையணை உறையை இன்னும் துவைக்கவில்லை ஐயா, வேண்டுமானால் மனுவோடு இணைக்கிறேன்.

4. "கீரையை நிறுத்துங்க, போதும்" என்று ஆய்வகத்தில் அறிவுரை. கீரையிலுள்ள வைட்டமின் கே இந்த மாத்திரையின் வேலையைக் குறைக்குமாம். ஆனால் கீரையைத் திடீரென நிறுத்தினாலும் ஐ.என்.ஆர். அளவு மாறும், அதைப் பார்க்கவும் இதே டெஸ்ட்தானே வேண்டும்! டெஸ்ட் தேவைப்படாத புது மாத்திரைக்கு மாறச் சொன்னார் இன்னொருவர். என் மனைவி போல மூன்று வகையும் பாசிட்டிவ் ஆனவர்களுக்கு அந்தப் புது மாத்திரைகளில் ஒன்றான ரிவராக்ஸபான் கொடுத்த இத்தாலி ஆய்வை, அதைச் சாப்பிட்டவர்களுக்கே ரத்தக்கட்டு அதிகம் வந்ததால் பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2018-லேயே வெளிவந்த விஷயம். தையல் கடைக்காரன் நானே தேடிப் படித்திருக்கிறேன்.

5. ரீஏஜென்ட், ஐயா. அது மட்டும்தான்.

அது வரும்வரை, ரிசல்ட்டைப் பார்த்து அன்றைக்கே மாத்திரை அளவு சொல்ல ஒரு மருத்துவரையாவது நியமிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அடுத்த பரிசோதனை வரும் வியாழன். புதன் ராத்திரிக்குள் யாராவது ஒரு போன் செய்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள்