அந்த ஊசி விஷயம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன மாதம் ஒரு வாரம் லீவு போட்டிருந்தாய் என்று தம்பி சொன்னான். வயிறு சரியில்லை என்றாயாம். அவனிடம் சொல்லியிருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. சரி, அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. உன் ரத்த வகையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கடைசி வரை படி.

நீ ஓ நெகட்டிவ், மாப்பிள்ளை பி பாசிட்டிவ். கல்யாணப் பேச்சின்போதே இதை எடுத்தேன். "அதெல்லாம் எனக்குத் தெரியும்மா" என்றாய். தெரியாமல் இருக்காது. எங்கள் எல்லோரையும்விட விவரமானவள் நீ, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் உன் உடம்பு விஷயம் என்றால் மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளுவாய்.

பள்ளிக்கூட அட்டையை நீட்டி, "நீங்க எல்லாரும் பாசிட்டிவ், நான் மட்டும் ஏன் நெகட்டிவ்?" என்று கேட்டாயே, அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. அப்பத்தா நெகட்டிவ். அவரிடமிருந்து வந்தது அப்பாவுக்குள் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. எனக்குள்ளும் அப்படி ஒன்று இருந்திருக்கிறது. எங்களைப் போன்ற இரண்டு பேருக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் நெகட்டிவாக இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்பா ஏ, நான் பி, உனக்கு ஓ வந்ததும் இதே வழியில்தான்.

அப்பத்தாவுக்கு அப்பா தலைச்சன். அப்புறம் பிறந்த இரண்டும் தங்கவில்லை. கடைசிக் குழந்தைக்குப் பிறந்த மறுநாளே வெள்ளை விழி மஞ்சளாகி, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கிவிட்டதாம். எல்லோரும் அவரைத்தான் குறை சொன்னார்கள். வயதான பிறகு ஆபரேஷனுக்கு ரத்தம் பார்த்தபோதுதான் அவர் நெகட்டிவ் என்றே தெரிந்தது. இப்படி ஆகாமல் தடுக்க நெகட்டிவ் தாய்க்குப் போடும் ஆன்டி-டி ஊசி புழக்கத்துக்கு வந்ததே 1968-ல்தான். அவர் பிள்ளை பெற்றதெல்லாம் அதற்கு முன்னால்.

பாசிட்டிவ் குழந்தையின் ரத்தம் கொஞ்சம் கலந்தாலும் போதும், நெகட்டிவ் தாயின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடலாம். அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்து வரும் பாசிட்டிவ் குழந்தையின் சிவப்பணுக்களைத்தான் அது நஞ்சுக்கொடி வழியாகப் போய் உடைக்கும். எதிர்ப்பொருள் வந்த பிறகு ஊசி போட்டுப் பயனில்லை, முந்திக்கொள்ள வேண்டும்.

கர்ப்பத்தின் 28-வது வாரத்தில் ஓர் ஊசி, பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் ஒன்று. இது உனக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, பிரசவம் வரை போகாத கர்ப்பத்துக்கும் இந்த ஊசி தேவைப்படலாம் என்பது. பொதுவாகத்தான் சொல்கிறேன். 12 வாரத்துக்குள் என்றால் தேவையா இல்லையா என்று டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அதனால் எத்தனை வாரம் என்று மறைக்காமல் சொல்லிக் கேட்டுவிட வேண்டும். 72 மணி தாண்டிவிட்டது என்றும் விட்டுவிடக் கூடாது, 10 நாளுக்குள் போட்டாலும் ஓரளவு காக்கும். அதுவும் தாண்டியிருந்தால், மறைமுகக் கூம்ப்ஸ் டெஸ்ட் என்று ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. எதிர்ப்பொருள் வந்திருக்கிறதா என்று அதில் பார்க்கலாம். அந்த டெஸ்டைக் கேட்டு எடுத்துக்கொள்.

இன்னொன்று. அவசரத்துக்கு உன் ரத்தத்தை யாருக்கும் ஏற்றலாம், உனக்கோ ஓ நெகட்டிவ் மட்டும்தான் சேரும். தம்பி ஓடி வந்தாலும் அவன் பாசிட்டிவ் ரத்தம் உனக்கு ஆகாது. வகை எழுதிய அட்டை எப்போதும் உன் பையில் இருக்கட்டும்.

டாக்டரைப் பார். ஊசியைப் பற்றிக் கேள், கூம்ப்ஸ் டெஸ்டைப் பற்றிக் கேள். திரும்பத் திரும்ப இதையே சொல்கிறேன் என்று கோபப்படாதே. தனியாகப் போகாமல் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. போய் வந்து "கேட்டாச்சு" என்று ஒரு வரி போடு, போதும். எதற்காகப் போனாய் என்று நீயாகச் சொல்லும்வரை நான் கேட்க மாட்டேன்.

அம்மா