கடப்பா எந்தக் கடையில், எந்தக் கிழமை? கும்பகோணத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கும்பகோணத்தில் சுற்றுலாவைக் கவனிக்கும் அதிகாரிகள், தங்கும் விடுதி உரிமையாளர்கள், உணவகம் நடத்துவோர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வருகிறவர்களில் பெரும்பாலானோர் உங்கள் ஊரில்தான் அறை எடுக்கிறோம். திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், சூரியனார்கோயில், கஞ்சனூர் ஒரு நாள். வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு மறுநாள். இந்தக் கணக்கெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. உச்சிவேளையில் நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள் என்பதையும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த இடைப்பட்ட நேரத்தில் இத்தனை ஜனமும் என்ன செய்யும்? சாப்பிடும். எங்கே போய்ச் சாப்பிடும் என்பதை மட்டும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு தாள் வேண்டும். இட்லிக்கு ஊற்றிக்கொள்ளும் கடப்பா என்ற குழம்பு போன்ற இந்த ஊர்ச் சாப்பாடு எந்தக் கடையில், எந்தக் கிழமையில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை கிடைக்கும் என்று எழுதிய ஒரு தாள். பஸ் நிலையத்தில் ஒன்று, ரயில் நிலையத்தில் ஒன்று, ஒவ்வொரு விடுதியின் வரவேற்பு மேசையிலும் ஒன்று.

இதைக் கேட்க வைத்த சங்கதி இதுதான்.

திருப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கும்பகோணத்தில் பிறந்து வளர்ந்தவர். அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போது, "கோயிலுக்குப் போறது இருக்கட்டும், கடப்பா சாப்பிடாம வந்துடாதீங்க" என்றார். அவர் வீட்டில் செய்து கொடுத்து நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கை உதிர்த்துப் போட்டு, தேங்காயும் பச்சை மிளகாயும் சோம்பும் கசகசாவும் பொட்டுக்கடலையும் அரைத்து ஊற்றி, பட்டை கிராம்பு தாளித்து, இறக்கியதும் எலுமிச்சை பிழிவார். மிளகாய்த்தூள் கிடையாது, புளி கிடையாது. இட்லி மேல் ஊற்றினால் இட்லியே தெரியாத அளவுக்கு ஊற்ற வேண்டும் என்பது அக்காவின் சட்டம். அது பிறந்த ஊரிலேயே, கடையில் உட்கார்ந்து, வாளியிலிருந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. எழுபதைத் தாண்டியவர். பெரிதாக வேறு எதுவும் கேட்பவர் இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். ஆகவே விடுதியில் இறங்கியதும் வரவேற்பில் இருந்த தம்பியிடம் நல்ல டிபன் எங்கே கிடைக்கும், கடப்பா எங்கே போடுவார்கள் என்று கேட்டேன். "கீழேயே ரெஸ்டாரண்ட் இருக்கு சார், மல்டி குஸின்" என்றார். போய் உட்கார்ந்தோம். அட்டையைப் பிரித்தால் கோபி மஞ்சூரியன், பனீர் பட்டர் மசாலா, ஷெஸ்வான் ஃப்ரைட் ரைஸ். பரிமாற வந்த பையனுக்குத் தமிழ் அரைகுறை. எங்கிருந்தோ பிழைக்க வந்திருக்கிற பிள்ளை, அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். மேற்பார்வையாளர் வந்தார். "அதெல்லாம் இங்க போடறதில்ல சார்" என்றார். வேறு எங்கே போடுவார்கள் என்று கேட்டால், பதிலுக்குச் சிரிப்பு.

ஆட்டோ பிடித்தோம். ஓட்டுநர் ஊரைத் தாண்டி, பைபாஸ் பக்கம், சீரியல் விளக்கு போட்ட ஓர் இடத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் காவலாளி அவர் கையில் ஒரு சீட்டைத் திணித்ததைப் பார்த்தேன். என்ன சீட்டு என்று நான் விசாரிக்கவில்லை. உள்ளே மேசைகளுக்கெல்லாம் கறுப்புக் கடப்பாக் கல் பதித்திருந்தார்கள். அந்தக் கல்லின்மேல் இலையைப் போட்டுவிட்டுத்தான் கடப்பா கிடையாது என்றார்கள்.

திரும்பி ஊருக்குள் வந்து, ஒரு மருந்துக் கடையில் கேட்டோம். முதல் தடவையாக ஒரு மனிதர் ஒழுங்காகப் பதில் சொன்னார். "அது எல்லா நாளும் போட மாட்டாங்க சார். சனி, ஞாயிறு சாயங்காலம்தான். அந்தச் சந்துல ரெண்டாவது கட்டடம், போர்டு இருக்காது. ஏழரைக்குள்ள போயிடணும், அப்புறம் வாளி காலி." அன்று புதன்கிழமை. மணி எட்டைத் தாண்டியிருந்தது. ஆட்டோவின் பின் சீட்டில் அம்மா மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு, விழுங்கவும் முடியாமல் திருப்பி வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். "எனக்கொண்ணும் இல்ல கண்ணு, நீ மெதுவா விசாரி" என்று வேறு சொன்னார். கை நடுங்குவது தெருவிளக்கு வெளிச்சத்தில் தெரிந்தது. கடைசியில் விடுதியின் அதே மல்டி குஸினில் தயிர்சாதம் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டோம். சனிக்கிழமைக்கு ஒரு நாள் முன்னால்.

ஒரு குழம்பு கிடைக்கவில்லை என்பதற்கா இத்தனை பெரிய மடல் என்று உங்களில் யாராவது கேட்கலாம். அந்த மருந்துக் கடைக்காரருக்குத் தெரிந்தது விடுதி வரவேற்பில் இருந்தவருக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்றால் ஏன்? ஊர் பார்க்க வருகிறவனிடம் முதலில் பேசுகிறவர் அவர்தான். அறையைப் பதிவு செய்யும்போதே அவர் வாயிலிருந்து ஒரு கிழமையும் ஒரு சந்தின் பெயரும் வந்திருந்தால் நாங்கள் திரும்புகிற நாளையே இரண்டு நாள் தள்ளிப்போட்டிருப்போம். உங்கள் விடுதிக்கும் இரண்டு நாள் வாடகை கிடைத்திருக்கும்.

கைப்பேசியில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். பார்த்தோம். நட்சத்திரம் அதிகம் வாங்கிய இடங்களின் கீழே ஜனங்கள் எழுதியிருப்பதைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். "ஏசி நன்றாக இருந்தது." "பார்க்கிங் வசதி உண்டு." "குடும்பத்துடன் வரலாம்." சாம்பார் எப்படி இருந்தது என்று ஒருவரும் எழுதவில்லை. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல வழியில் போகிறவர்கள், அடுத்த கோயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் நட்சத்திரம் குத்திவிட்டுப் போனவர்கள். சந்துக்குள் மூன்று மணி நேரம் மட்டும் திறந்திருக்கிற மெஸ்ஸுக்கு அந்த வரைபடத்தில் புள்ளியே இல்லை. இருந்தாலும் நேரம் தப்பாக இருக்கிறது.

ஊர்க்காரர்களிடம் கேட்பதிலும் ஒரு வில்லங்கம். "நல்ல ஹோட்டல் எங்கே இருக்கு?" என்று கேட்டால் நம் சட்டையையும் செருப்பையும் பார்த்து, இவருக்கு இதுதான் சரிப்படும் என்று பெரிய கட்டடத்தைக் கை காட்டுகிறார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, மரியாதையில்தான். சரி, கேள்வியை மாற்றலாம் என்று பூக்கடைக்காரம்மாவிடம், "நீங்க எங்கே சாப்பிடுவீங்க?" என்று கேட்டேன். "வீட்டுலதான்" என்றார். நியாயமான பதில்.

தாராசுரம் கோயில் 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்ந்தது. 2021இல் ஊர் மாநகராட்சி ஆனது. வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு வந்தது, சந்தோஷம். ஆனால் அந்தக் கொழுந்து வெற்றிலையைப் போடுவதற்கு முன்னால் மனிதன் எதையாவது சாப்பிட்டிருக்க வேண்டும் அல்லவா? கும்பகோணம் டிகிரி காபி என்ற பலகை செங்கல்பட்டு தாண்டியதும் தொடங்கிவிடுகிறது. எங்கள் கொங்கு நாட்டுச் சாலைகளிலும் கிலோமீட்டருக்கு ஒன்று நிற்கிறது. பசும்பாலில், முதல் டிகாஷனில், பித்தளை டவரா டம்ளரில் தருவதாக எல்லாரும் சத்தியம் செய்கிறார்கள். கும்பகோணத்தில் கும்பகோணம் காபி எங்கே குடிப்பது என்பதற்குத்தான் பலகையைக் காணோம். சுற்றுலா விளம்பரங்களில் கோபுரம், கோபுரம், மறுபடியும் கோபுரம். அந்தக் கோபுரத்தைப் பார்க்க வருகிறவனுக்கு வயிறும் உண்டு, அவசரத்துக்கு ஒதுங்க ஓர் இடமும் வேண்டும். கழிப்பறையைப் பற்றி ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது. அதை விட்டுவிடுகிறேன், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நான் கேட்பது அந்தத் தாளை மட்டும்.

அதைத் தயாரிப்பது பெரிய வேலையாக இருக்காது என்று நினைக்கிறேன். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தள்ளுவண்டிக்காரர்கூடப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆகவே கடைகளின் பட்டியல் ஏதாவதொரு அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும். அதில் பெயரும் முகவரியும் இருக்கும். இல்லாதது எங்களுக்கு வேண்டிய மூன்றே விஷயம்: என்ன பலகாரம், என்ன கிழமை, என்ன நேரம். தாளில் நட்சத்திரம் வேண்டாம். விளம்பரமும் வேண்டாம். பணம் கட்டினால் மேலே, கட்டாவிட்டால் கீழே என்ற ஏற்பாடு அறவே வேண்டாம். தெலுங்கு, கன்னடம், இந்தி பேசுகிறவர்களும் இதே கோயில்களுக்கு வருகிறார்கள், அவர்களுக்கும் புரிகிற மாதிரி அச்சடித்தால் புண்ணியம். அசைவக் கடைகளையும் சேருங்கள். கோயில் ஊர் என்ற கூச்சத்தில் அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. கேட்டால் எல்லா ஊரிலும் இருக்கிற பிரியாணிக் கடையைத்தான் காட்டுகிறார்கள்.

சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஊர் இது. அவர்கள் வீட்டுச் சமையல் கடைக்கு வருகிறதா, வந்தால் எந்தத் தெருவில் என்று தெரிந்துகொள்ள என் போன்றவனுக்கு வழியே இல்லை. அதையும் ஒரு வரியாகப் போட்டால் என்ன?

உணவகம் நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. கிளம்புகிற அன்று காலையில், நடந்து போகிற வழியில் தற்செயலாக ஒரு சின்ன டிபன் கடை கிடைத்தது. ரவா தோசை அத்தனை மெல்லிசாக, ஓரமெல்லாம் ஓட்டை ஓட்டையாக, நடுவில் முழு மிளகு. அப்பா இரண்டாவது கேட்டு வாங்கினார். கல்லாவில் இருந்த அம்மாளிடம், வாசலில் ஒரு பலகை வையுங்களேன், வெளியூர்க்காரர்கள் வருவார்களே என்றேன். "கூட்டம் வந்தா மாவு பத்தாது தம்பி. தினம் வர்றவங்களுக்கு இல்லேன்னு சொல்ல முடியுமா?" என்றார். எனக்கு மறுபேச்சு வரவில்லை. வெளியூர்க் கூட்டம் மொய்த்து, உள்ளூர் வாத்தியாருக்கு இட்லி இல்லாமல் போவதை நானும் விரும்பவில்லை. ஆகவே சம்மதம் தெரிவித்த கடையை மட்டும் தாளில் போடுங்கள். இத்தனை மணிக்கு மேல் மட்டும் வாருங்கள் என்று நிபந்தனை போட்டாலும் கட்டுப்படுகிறோம். ஆனால் எல்லாக் கடைக்காரரும் அந்த அம்மாளைப் போல நிறைந்த கடை வைத்திருக்கவில்லை. ஆளில்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நல்ல மெஸ்களையும் அந்தத் தெருக்களில் பார்த்தேன்.

2028இல் மகாமகம் வருகிறது. லட்சக்கணக்கில் ஜனம் இறங்கும் என்பது 2016ஐப் பார்த்த உங்களுக்குத் தெரியாததல்ல. குடிநீர், கழிப்பறை, பேருந்து, காவல் என்று ஆலோசனைக் கூட்டங்கள் நடக்கும். அந்தப் பட்டியலின் கடைசி வரியாகவாவது சாப்பாட்டுத் தாளைச் சேர்த்துக்கொள்ளும்படி அதிகாரிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விடுதிக்காரர்கள் மகாமகம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊழியர்கள் தாங்கள் சாப்பிடுகிற கடைகளைத் தமிழில் கையால் எழுதினாலே போதும். ஜெராக்ஸ் எடுத்து வரவேற்பு மேசைக் கண்ணாடிக்கு அடியில் நாளைக்கே வைத்துவிடலாம். கிழமையையும் நேரத்தையும் மட்டும் தயவுசெய்து மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு பயணி