பரீட்சை வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்கு இறங்க விடுங்கள்

திருகோணமலைப் பாடசாலைகளின் மதிப்புக்குரிய அதிபர்களுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கும்,

வணக்கம். பத்தாம் ஆண்டில் சுகாதாரமும் உடற்கல்வியும் தெரிவுப் பாடங்களில் ஒன்றாகிவிடுவதால், அதை எடுக்காத பிள்ளை சாதாரண தரப் பரீட்சை முடியும்வரை மைதானத்தில் கால் வைக்காமலே இருந்துவிட முடிகிறது. உவர்மலைப் பக்கம் பிற்பகல் இரண்டரை மணிக்கே பிள்ளைகள் தகப்பனின் மோட்டார் சைக்கிளில் ஏறி ரியூசனுக்குப் போகிறார்கள். தகரக் கொட்டகையை விட்டு அவர்கள் வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிடுகிறது. ஓடியாடினால் படிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சம்தான் இதற்கெல்லாம் காரணம். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்பதைச் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதமே உள்ள மூளை, நாம் ஓய்வாக இருக்கும்போதும் உடல் பயன்படுத்தும் ஒட்சிசனில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. மூச்சு வாங்க நடக்கும்போதும் ஓடும்போதும் மூளைக்குச் செல்லும் குருதியோட்டம் கூடுவதோடு, நரம்புக் கலங்கள் பிழைத்திருக்கவும் தம்மிடையே புதிய இணைப்புகளை உருவாக்கவும் உதவும் புரதங்களின் சுரப்பும் அதிகரிக்கிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், வாரம் மூன்று நாள் என ஓராண்டு வேகமாக நடந்த முதியவர்களின் ஹிப்போகாம்பஸ், அதாவது புதிய நினைவுகளைப் பதியவைக்கும் மூளைப்பகுதி, சுமார் 2 சதவீதம் பெருத்திருந்தது. தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியிருந்தது. அவர்கள் முதியவர்கள், நமக்கென்ன என்று கேட்கலாம். 2014இல் இலினோய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு முதல் ஒன்பது வயதுவரையான 221 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைப் பாடசாலை முடிந்தபின் ஒன்பது மாதங்கள் ஓடியாட வைத்தபோது, கவனச் சிதறலை அடக்குவதிலும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனதைத் திருப்புவதிலும் அவர்களே கூடுதலாக முன்னேறினர். பரீட்சை மண்டபத்தில் நம் பிள்ளைகளுக்கு வேண்டியதும் இதுவே அல்லவா?

ஓடினால் உடனே புள்ளி கூடும் என்று நான் வாக்குறுதி தரவில்லை. ஆனால் பாட நேரத்தில் ஒரு பகுதியை உடற்பயிற்சிக்குக் கொடுத்ததால் பெறுபேறு வீழ்ந்துவிடுவதில்லை என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. 5 முதல் 17 வயதுவரையானவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இல்ல விளையாட்டுப் போட்டி இதற்கு ஈடாகாது. அங்கே ஓடுபவர்கள் சிலர், வெயிலில் நின்று கைதட்டுபவர்களே பலர்.

பெண் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. பெரியபிள்ளையானதும் வலைப்பந்தும் ஓட்டமும் நின்றுவிடுகின்றன, பிறகு யாரும் கேட்பதுமில்லை. அவர்களுக்கென ஓர் ஆசிரியை பொறுப்பாக இருந்தால் வீட்டில் தடுப்பது குறையும்.

நம் ஊர் வெயிலில் பத்து மணிக்குப் பின் மைதானம் தாங்காது. ஆகவே ஐந்தாம், பத்தாம், பதினோராம் ஆண்டு வகுப்புகளுக்குக் காலையின் முதற் பாடவேளையில் அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். கிளித்தட்டோ வேக நடையோ போதும், செலவு எதுவும் இல்லை. அடுத்த தவணைக்கான நேரசூசி தயாராகும் முன் இதைச் சங்கக் கூட்டத்தில் எடுத்து முடிவுசெய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
பதினோராம் ஆண்டு மாணவி ஒருவரின் தாய்,
உவர்மலை, திருகோணமலை