மார்னி அன்னாவை விட்டுவிட்டுப் போகிறாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளரிளம் பருவத்தினரைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிள்ளைகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மாய உலகக் கதைகளில் மூழ்கிவிடுகிறார்கள், எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரோடு பேச அவர்களுக்கு வாய் வருவதில்லை என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். வருத்தம் நியாயமானதுதான். ஆனால் பழியை மொத்தமாகக் கதைகள் தலையில் போட்டு, இப்படிப்பட்ட கதைகளைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள் என்று முடித்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. நான் பள்ளி நூலகத்தில் வேலை பார்ப்பவள். அந்தக் கதைகளை எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி அடுக்குவதும் நான்தான் என்பதால் எழுதுகிறேன்.

ஒரே ஒரு கதையை எடுத்துக்கொள்கிறேன். ஜோன் ஜி. ராபின்சன் 1967இல் எழுதிய 'வென் மார்னி வாஸ் தேர்'. நாவல் நடப்பது இங்கிலாந்தின் நார்ஃபோக் கடலோரத்தில். 2014இல் ஜப்பானின் கிப்லி ஸ்டுடியோவுக்காக ஹிரோமாசா யோனேபயாஷி அதை அனிமேஷன் படமாக எடுத்தபோது கதையை அந்நாட்டின் வடக்கே உள்ள ஹொக்கைடோ தீவுக்குக் கொண்டுபோனார். அன்னாவுக்குப் பன்னிரண்டு வயது. ஆஸ்துமா. சொந்தத்தில் யாரும் இல்லை; வளர்ப்புத் தாய் யோரிகோ நல்லவள். ஆனால் தன்னை வளர்ப்பதற்காக அவர்களுக்கு அரசாங்கப் பணம் வருகிறது என்பது ஒருநாள் அன்னாவுக்குத் தெரிந்துவிடுகிறது. அப்படியானால் இந்தக் கரிசனமெல்லாம் காசுக்குத்தானா? கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல் அந்தப் பெண் உள்ளுக்குள் இறுகிப் போகிறாள்.

உடம்பு தேறட்டும் என்று கோடை விடுமுறைக்குக் கடலோர கிராமம் ஒன்றுக்கு அனுப்புகிறார்கள். அங்கே சதுப்பு நிலத்துக்கு அப்பால் ஆளில்லாத பழைய மாளிகை. நீர் வற்றினால் நடந்தே போய்விடலாம், ஏறிவிட்டால் படகுதான். அந்த வீட்டில்தான் பொன்னிறக் கூந்தலோடு மார்னி இருக்கிறாள். இருவரும் உயிர்த்தோழிகள் ஆகிறார்கள். அதே ஊரில் நொபுகோ என்றொரு பெண், தானாகவே வந்து பேசுகிறாள். கொஞ்சம் வம்புக்காரி. திருவிழாவில் அன்னாவின் கண்நிறத்தைப் பற்றி ஏதோ சொல்லப் போக, "குண்டுப் பன்னி" என்று திட்டிவிட்டு ஓடிப் போகிறாள் அன்னா. மார்னியோடு இரவெல்லாம் பேசுபவளால் நொபுகோவோடு ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை.

இதுவரைக்கும் கட்டுரையாளர் சொன்னது சரி என்றே தோன்றும். ஆனால் கதை இங்கே நிற்கவில்லை. புயல் இரவில் பழைய தானியக் கோபுரம் ஒன்றில் அன்னாவைத் தனியே விட்டுவிட்டு மார்னி போய்விடுகிறாள். அன்னா நனைந்து, காய்ச்சலில் விழுந்து கிடக்க, அவளைத் தேடி வருவது சயாகா என்ற கண்ணாடிக்காரச் சிறுமி. மாளிகைக்குப் புதிதாகக் குடிவந்தவள், சரியான வாயாடி. எனக்கு இந்தப் படத்தில் முக்கியமான இடம் இதுதான். கற்பனையில் கிடைத்த தோழியும் ஏமாற்றுகிறாள். அவள் மேல் அன்னாவுக்குக் கோபம் வருகிறது, அப்புறம் மன்னிக்கிறாள். மனிதரோடு பழகுவதற்கு என்னவெல்லாம் தேவையோ, அதையெல்லாம் அன்னா முதலில் மார்னியிடம்தான் பழகுகிறாள். நொபுகோவிடம் போய் மன்னிப்புக் கேட்பது அதற்குப் பிறகு. பண விஷயத்தை யோரிகோ வாய்விட்டுச் சொல்வதும், அதை அன்னா பதறாமல் கேட்டுக்கொள்வதும் அப்படித்தான். மார்னி யார் என்ற முடிச்சை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்க்கட்டும்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அந்த அம்மா காசு விஷயத்த முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு வந்திருக்குமா மிஸ்?" பெரியவர்கள் மறைத்ததைத்தான் அவள் பிடித்தாள். மார்னி பேயா, கனவா என்பது அவளுக்குப் பொருட்டாகவே இல்லை.

பேட்ரிக் நெஸ் எழுதிய 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) நாவலிலும் இதே சங்கதிதான். தாய் புற்றுநோயில் படுத்திருக்க, பதின்மூன்று வயது கானரைத் தேடி மரம் ஒன்று எழுந்து வருகிறது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வதில்லை. உண்மையைச் சொல் என்று பிடுங்கி எடுக்கிறது.

மமோரு ஹோசோடாவின் 'பெல்' (2021) படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. நேரில் பாட முடியாத சுசு, இணைய உலகத்தில் மாற்று உருவத்தில் பாடிப் பெரும் புகழ் பெறுகிறாள். அடிபடும் சிறுவன் ஒருவன் தன்னை நம்ப வேண்டும் என்பதற்காக, அந்த உருவத்தைக் கழற்றிப் போட்டுச் சொந்த முகத்தோடு பாடுகிறாள். அற்புதமான காட்சி. ஆனால் அதன்பிறகு அவனைத் தேடி ஒரு பள்ளி மாணவி தன்னந்தனியாகக் கிளம்பிப் போகிறாள். கூட இருந்த பெரியவர்களில் ஒருவர்கூட உடன் போகவில்லை. படத்தில் இதற்கு ஒரு காரணம் இருக்கலாம், எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

நானும் ஒதுக்கி வைக்கும் கதைகள் உண்டு. தனியாகக் கிடக்கும் பையனுக்காகவே வானத்திலிருந்தோ திரையிலிருந்தோ ஒரு பெண் இறங்கி வருவாள். அவளுக்கென்று ஒரு பசி, ஒரு எரிச்சல், ஒரு வேலை எதுவும் இருக்காது. அவன் சொன்னதெல்லாம் சரி. அந்த வகையைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருந்தால் முதல் ஆளாக ஆமாம் போட்டிருப்பேன். இப்போது கைப்பேசியில் கிடைக்கும் ஏஐ நண்பர்களும் அந்த வகைதான். பாதி இரவில் கூப்பிட்டாலும் பதில் வரும், முகம் சுளிக்காது, விட்டுவிட்டுப் போகாது. இப்படிப்பட்ட நண்பர்களை உருவாக்கித் தரும் கேரக்டர் ஏஐ நிறுவனமே 2025 நவம்பரில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் அதன் பாத்திரங்களோடு விருப்பம்போல் உரையாடுவதை நிறுத்தியது. நாவலையும் இதையும் ஒரே வரியில் வைத்து, 'கற்பனை' என்று ஒரே பெயரிட்டுத் திட்டினால் பிள்ளைகள் நாம் சொல்வது எதையும் காதில் வாங்க மாட்டார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இந்தப் பொருளில் எழுதுபவர்களை எந்தக் கதை, அதில் எந்த இடம் என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் பதினைந்து வயதுக்காரர்களிடமே இரண்டு பக்கம் எழுதி வாங்கிப் போடுங்கள். அந்தக் காசு விஷயத்தைக் கேட்ட மாணவி எழுதத் தயாராக இருக்கிறாள். கையெழுத்துதான் கொஞ்சம் சுமார்.

இப்படிக்கு,
பள்ளி நூலகர் ஒருவர்,
கும்பகோணம்