விதைக்கிறப்பவே பணம் குடுப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். விவசாயத்துல நஷ்டம்னு எல்லாரும் எழுதறாங்க, ஆனா விளைவிக்கிறவங்களும் சாப்பிடறவங்களும் நேரடியா சேர்ற முறைய பத்தி பெருசா யாரும் பேசறதில்ல. ஜப்பான்ல 1970கள்லயே 'டெய்கெய்'னு இது ஆரம்பமாச்சு, அமெரிக்காவுல 1986ல. சில குடும்பங்க சேர்ந்து சீசனுக்கு முன்னாடியே விவசாயிக்கு பணம் குடுத்துடுவாங்க, அப்புறம் வாராவாரம் விளைச்சல்ல பங்கு, மழை கெடுத்துச்சுன்னா அந்த நஷ்டத்துலயும் பங்கு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது ஏன்னா விதைக்கிற நேரத்துல கையில காசு இருந்தா கடனுக்கு அலைய வேண்டாம், கோணலா இருக்குன்னு காய ஒதுக்கி வீணாக்கவும் மாட்டாங்க. 2022ல கடை, ஹோட்டல், வீடுன்னு உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாச்சுன்னு ஐநா சொல்லுது, அதுல 60 சதவீதம் வீடுகள்லதான். இந்த மாதிரி குழு ஆரம்பிக்கறது எப்படின்னு உங்க பேப்பர்ல ஒரு தொடர் போடுங்க ப்ளீஸ்.