300 எறும்புக்கும் எங்களுக்கு உதவினவங்களுக்கும் ஒரு நன்றி மடல்

ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை சாயந்திரம் நம்ம நூலகத்தில் பிள்ளைகள் போட்டுக் காட்டிய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பார்க்க வந்தவர்களுக்கும், வர முடியாமல் மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில் "நல்லா நடந்துச்சா?" என்று கேட்டவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். அன்றைக்கே மைக்கில் சொல்லியிருக்க வேண்டும். நான் வாயைத் திறந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, கரண்ட் வருவதற்குள் சுண்டல் வந்துவிட்டது, சுண்டல் வந்த பிறகு பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைக்க யாரால் முடியும்? சரி, எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

நிறையப் பேர் கேட்டீர்கள், ஏன் எல்லாமே பூச்சியும் பறவையுமா இருக்கு, கார் ரேஸ் எதுவும் சொல்லிக் கொடுக்கலையா என்று. அதற்குக் காரணம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. கட்டளைகளைக் கட்டை கட்டையாக அடுக்கிப் பிள்ளைகள் விளையாட்டு எழுதுகிற ஸ்க்ராட்ச் என்கிற மென்பொருளைத் திறந்தால் நடுவில் ஒரு ஆரஞ்சு பூனை நிற்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்கிற பல்கலைக்கழகத்தின் மீடியா லேபில் செய்து 2007இல் வெளியிட்டது, அந்தப் பூனைதான் அதற்கு அடையாளம். முதல் நாளே இவள் அதை முறைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இது எந்த ஊர்ப் பூனை? எங்க வீட்டுப் பூனை ரெண்டு கால்ல நடக்காதே" என்றாள். நியாயம்தானே. அப்படியானால் உங்க வீட்டுப் பூனை எந்தக் காலை முதலில் வைக்கும் என்று கேட்டேன். பதினேழு பிள்ளைகளில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, உண்மையைச் சொன்னால் எனக்கும் தெரியாது. ரெண்டு நாள் பூனை பின்னாலேயே திரிந்துவிட்டு வந்து சொன்னார்கள்: ஒரு பக்கத்துப் பின்னங்கால், அதே பக்கத்து முன்னங்கால், அப்புறம் மறுபக்கத்துப் பின்னங்கால், முன்னங்கால். அதை அப்படியே நாலு படமாக வரைந்து மாற்றி மாற்றி ஓட விட்டதும் திரையில் ஒரு பூனை நடந்தது பாருங்கள், அசல் திருட்டுப்பூனை.

அன்றைக்குப் போட்ட சட்டம்தான் எங்கள் வகுப்பின் ஒரே சட்டம். எதைப் பற்றி எழுதுகிறோமோ அதை மூன்று நாளாவது பார்த்திருக்கணும், அதைத் தெரிந்தவர்களிடம் போய்க் கேட்டிருக்கணும், பிறகுதான் கீபோர்டில் கை வைக்கணும். அதனால் எங்களுக்கு இரண்டு கூட்டத்தின் உதவி தேவைப்பட்டது. மெஷின் கொடுத்தவர்கள் ஒரு கூட்டம், எறும்பையும் வௌவாலையும் பற்றிச் சொல்லிக் கொடுத்தவர்கள் இன்னொரு கூட்டம். நான் அதிகம் கடன்பட்டிருப்பது இரண்டாவது கூட்டத்துக்கு. ஆனாலும் மெஷின் இல்லாமல் எதுவும் நடந்திருக்காது என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பைக் கல்யாணம் ஆகிப் போன பிறகும் அம்மா வீட்டுப் பீரோ மேலே துணி சுற்றி வைத்திருந்த அக்காமார்களுக்கும், கோயம்புத்தூருக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போன அண்ணன்மார்களுக்கும் நன்றி. அப்படி வந்தது ஒன்பது. ஒன்றிலும் பேட்டரி நிற்காது, இரண்டில் கரப்பான் குடும்பமே இருந்தது. செல்போன் கடை அண்ணாச்சி எட்டை உயிரோடு எழுப்பித் தந்தார். காசு கேட்டால் "பைய தாங்க, பிள்ளேளுக்குத்தான?" என்பதோடு சரி. (ஒரு இடத்திலிருந்து பேண்ட் சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் போட்டோ எடுத்து, பத்து புது கம்ப்யூட்டர் வருது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்களுக்கும் நன்றி, வந்த அன்று பிஸ்கட் வாங்கிக் கொடுத்தார்கள்.) நூலகர் அக்கா ஆறரை மணி வரை கதவைத் திறந்து வைத்திருக்கிறார். நூலகத்தில் நெட் கிடைக்காது, ஆனால் ஸ்க்ராட்சை ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் நெட் இல்லாமலே ஓடும், கட்டைகளில் எழுதியிருப்பதை நாமே தமிழில் சொல்லிக்கொள்ளலாம். தமிழில் சொல்லலாம் என்று தெரிந்த அன்றைக்குத்தான் பின் வரிசையில் கம்மென்று இருந்த மூன்று பையன்கள் வாய் திறந்தார்கள்.

எறும்புக்கு வருகிறேன்.

மேலத்தெரு ஆச்சி வீட்டுத் திண்ணையில் ஒரு துண்டு கருப்பட்டியை வைத்துவிட்டு நாலு பிள்ளைகள் குப்புறப் படுத்துக் கிடந்தார்கள். முதலில் ஒரு எறும்பு வந்தது, சுற்றிச் சுற்றிப் போனது, கொஞ்ச நேரத்தில் கோடு போட்ட மாதிரி வரிசை. ஆச்சி ஈரத்துணியை எடுத்து நடுவில் ஒரு இழுப்பு இழுத்தார். அவ்வளவுதான், வந்த எறும்பெல்லாம் அந்த இடத்தில் நின்று திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்தவர்கள் மாதிரி அங்கேயும் இங்கேயும் அலைந்தது. "அது கண்ணால பாத்தால வருது? வாசத்துல வருது. வாசத்தைத் துடைச்சிட்டேன், இனி வழி தெரியாது" என்றார். புத்தகத்தில் இதைப் பெரோமோன் என்று போட்டு ஒரு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள். இரை கிடைத்த எறும்பு திரும்பும்போது தரையில் வாசம் வைத்துக்கொண்டே போகும், பின்னால் வருவது அதைப் பிடித்துக்கொண்டு வரும், கிட்டத்து வழியில் போய்வருவது சீக்கிரம் நடப்பதால் அங்கே வாசம் கூடிக்கொண்டே போகும், சுற்று வழியில் வாசம் ஆவியாகிவிடும். இந்தச் சூத்திரத்தை வைத்துத்தான் மார்கோ டோரிகோ என்பவர் 1992இல் மிகக் குறைந்த தூர வழியைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கு முறையே உருவாக்கினார். ஆச்சி அதை ஒரு துணியால் காட்டிவிட்டார்.

பிள்ளைகள் இதை எழுதும்போதுதான் வேடிக்கை. எறும்பு போகிற இடமெல்லாம் ஒரு சின்னப் புள்ளி விழும், அதுதான் வாசம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு நகல், ஸ்க்ராட்சில் அதைக் குளோன் என்பார்கள். இருபது எறும்பை ஓட விட்டார்கள். அழகாக ஓடியது, அரை நிமிடத்தில் வாசம் விழுவதே நின்றுபோனது. எறும்பு நடக்கிறது, புள்ளி இல்லை. மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள், நானும் பிய்த்துக்கொண்டேன், எங்கேயும் பிழை இல்லை. கடைசியில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருத்தன் பொறுமையாக எண்ணும் கட்டை ஒன்றைச் சேர்த்து ஓட்டிவிட்டு, "அக்கா, எறும்பும் புள்ளியும் சேர்த்து முந்நூறுல நிக்கி" என்றான். ஸ்க்ராட்சில் ஒரே நேரத்தில் 300 குளோனுக்கு மேல் வராது, அது அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. எனக்கு அது மறந்தே போயிருந்தது. என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன், "வாசம் காயணும்லா? நாம காயவே விடலையே" என்றான். புள்ளி விழுந்த பத்து விநாடியில் தானாக அழிந்துபோகும்படி மாற்றினான். 300 பிரச்சினையும் தீர்ந்தது, கருப்பட்டிக்குப் போகும் சுற்று வழிகளும் தானாக மறைந்து நேர் வழி ஒன்று மட்டும் நின்றது. அன்றைக்கு அவனைத் தூக்காத குறைதான். ஆச்சி, அந்தத் துணி இழுப்பையும் அவன் சேர்த்திருக்கிறான், மவுஸால் இழுத்தால் வாசம் போய்விடும். நீங்கள் சனிக்கிழமை அதை இழுத்துப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன்.

வௌவாலுக்கு மூன்று பேருக்கு நன்றி. தூரம் அளக்கிற சென்சாரைத் தன் கல்லூரிக் காலத்துப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த அறிவியல் டீச்சருக்கு முதல் நன்றி. இது நமக்குக் கேட்காத சத்தத்தை அனுப்பும், சுவரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும், சத்தம் ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்பதை வைத்துத் தூரம் சொல்லும். பிள்ளைகள் அதை ஒரு தொப்பியில் ஒட்டி, அம்பை போகிற வழியில் மருத மரத்தில் தலைகீழாகத் தொங்குமே, அந்தப் பெரிய வௌவாலின் படத்தை வரைந்து ஒட்டினார்கள். டீச்சர்தான் நிறுத்தினார். அது பழந்தின்னி, அது கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பது, சத்தம் போட்டு எதிரொலி கேட்டுப் பூச்சி பிடிப்பது கோயில் மண்டபத்தில் இருக்கும் சின்ன வகை என்றார். உடனே கோயிலுக்குப் படை. பூசாரி தாத்தா டார்ச்சை எடுத்துக் கொடுத்து, "வெளிச்சத்தை மூஞ்சில அடிக்கப்படாது, தரையில அடிச்சிப் பாக்கணும்" என்று கூட்டிப்போய்க் காட்டினார். பெரிய படத்தைக் கிழித்துவிட்டுச் சின்னதாக வரைந்தார்கள்.

மூன்றாவது நன்றி வயர்மேன் மாமாவுக்கு. சுவர் ஒரு மீட்டரில் இருக்கிறது, தொப்பி இரண்டு மீட்டர் என்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்த பையன் இன்னும் தூரம் இருக்கிறது என்று நம்பிச் சுவரில் முட்டிக்கொண்டான். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "ஏலே, திருநெல்வேலிக்குப் போயிட்டு வந்த பஸ் காசை வச்சி தூரத்தைக் கணக்குப் பண்ணா எப்படி? அதுல பாதிதாம்ல தூரம்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போனார். இரண்டால் வகுக்க மறந்திருந்தார்கள். நான் பலகையில் படம் போட்டு விளக்கியிருந்தால் இத்தனை நாள் நினைவிருந்திருக்காது. முட்டிக்கொண்ட பையனின் நெற்றிக்கு மஞ்சள் பூசிவிட்ட டீக்கடை மதினிக்கும் இங்கேயே ஒரு நன்றி.

கூந்தன்குளத்துக்கு வேன் ஏற்பாடு செய்தவர்கள் பெயர் சொல்லக் கூடாது என்றார்கள், சொல்லவில்லை. 1994இல் சரணாலயம் ஆன ஊர் அது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும், மஞ்சள் மூக்கு நாரையும், கூழைக்கடாவும் இருக்கிற இடம், நாரை வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும். நம்ம பிள்ளைகள் அதற்கு முன்னாலேயே ஒரு விளையாட்டு எழுதி வைத்திருந்தார்கள். மைக்கில் சத்தம் கேட்டால் திரையில் நாரைகள் பறந்துவிடும். சத்தத்தை ஸ்க்ராட்ச் நூறு வரை அளக்கும், இவர்கள் பத்துக்கே பறக்கிற மாதிரி வைத்திருந்தார்கள், தும்மினால் ஊரே காலி. அங்கே இருந்த ஒரு பெரியவரிடம் லேப்டாப்பைக் காட்டினால், அவர் பார்த்துவிட்டு, "எங்க ஊர் நாரை இப்படிப் பதறாது. நாங்க சண்டை போட்டாலும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். வெடிச் சத்தம்தான் ஆகாது, அதனால நாங்க தீவாளிக்கே வெடி போடதில்ல" என்றார். அங்கேயே மரத்தடியில் உட்கார்ந்து பத்தை எண்பது ஆக்கினார்கள். அவர் லேப்டாப் பக்கம் குனிந்து "ஏ நாரையே" என்று கூப்பிட்டுப் பார்த்தார். பறக்கவில்லை. ஒரு தலையாட்டு ஆட்டினார், எனக்குச் சான்றிதழ் கிடைத்த மாதிரி இருந்தது.

கூட்டமாகப் பறப்பதையும் முயற்சி செய்தோம். 1986இல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்பவர் கம்ப்யூட்டரில் செய்து காட்டியது: பக்கத்துப் பறவையை இடிக்காதே, அது போகிற திசையில் போ, கூட்டத்தை விட்டு விலகாதே, இந்த மூன்றே விதி. நம்ம ஆள்கள் மூன்றாவதை மட்டும் எழுதிவிட்டதால் அத்தனை நாரையும் ஒரே புள்ளியில் பலாச்சுளையில் ஈ மொய்த்த மாதிரி அப்பிக்கொண்டன. இன்னும் முழுசாகச் சரியாகவில்லை.

தூக்கணாங்குருவிக் கூட்டைக் கொண்டுவந்து கொடுத்த பனையேறி தாத்தாவுக்கு நன்றியோடு ஒரு வழக்கும் இருக்கிறது. ஆண் குருவி பாதி கட்டும், பெண் குருவி வந்து பார்க்கும், பிடித்தால்தான் மீதி, பிடிக்காவிட்டால் அடுத்த கூடு. "இப்படி இருந்தால் அப்படிச் செய்" என்ற கட்டையைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவே கிடைக்காது. ஆனால் தாத்தா, கூட்டுக்குள் ஒட்டியிருக்கிற மண்ணில் குருவி மின்மினியைப் பதித்து விளக்கு வைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். மண் இருக்கிறது, நானே பார்த்தேன். மின்மினிக்கு ஆதாரம் காட்டு என்கிறார் அறிவியல் டீச்சர். பிள்ளைகள் தாத்தா கட்சி. இப்போதைக்குக் கூட்டுக்குள் ஒரு விளக்கு மின்னி மின்னி எரிகிறது, டீச்சர் வந்தால் அணைக்க ஒரு பட்டனும் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் பீடி சுற்றும் அம்மாமார்கள். தட்டை மடியில் வைத்துக்கொண்டே பிள்ளை காட்டுவதைப் பார்த்தவர்கள். ஒருத்தர், திரும்பத் திரும்பச் செய்கிற கட்டையைப் பார்த்துவிட்டு, "இதுல ஆயிரம்னு போட்டா எனக்கு பீடி சுத்தித் தருமா?" என்று கேட்டார். அவர் மகள் உடனே இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, அந்தக் கட்டு நாற்பது என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு ஆயிரம் கோடு வரைந்து காட்டினாள். ஒன்றுக்குள் ஒன்று சுழலுவதை நான் அடுத்த மாதம் நடத்துவதாக இருந்தேன், இனி வேண்டாம். அந்த அம்மா ஆயிரத்தையும் பார்த்து முடித்துவிட்டு, "சவம், கூலி மட்டும் தராது" என்று இலையை வெட்டப் போய்விட்டார்.

விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நேரில் பார்க்கும்போது திட்டிவிடுங்கள். சுண்டல் அவித்தது யார் என்று இன்னும் எனக்கு யாரும் சொல்லவில்லை, பாத்திரம் நூலகத்தில்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பூசாரி தாத்தா, உங்கள் டார்ச்சும் எங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த வாரம் பிள்ளைகள் கிணற்றடியில் தவளை பார்க்கப் போகிறார்கள், அதுவரைக்கும் இருக்கட்டுமா?